ஆட்டத்தின் ஊர் எது?

நூலக அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்



பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விளையாடுவதைப் பற்றி அல்ல, அவற்றைப் பட்டியலிடுவதைப் பற்றி. உலகின் பல அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இன்று பழைய கேசட்டுகளையும் பிளாப்பி வட்டுகளையும் சேகரித்து வைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பட்டை உண்டு. அதில் பெயர், ஆண்டு, நிறுவனம், நாடு என்று கட்டங்கள் இருக்கும். முதல் மூன்றையும் நிரப்புவது அநேகமாக எளிது. நான்காவதில்தான் தகராறு. அட்டை எழுதுகிறவர் பெட்டியின் மேல் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறார், அதன் தலைமையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கிறார், எழுதி முடித்துவிடுகிறார்.

இப்படி எழுதக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஓர் ஆட்டத்தின் நாடு அதை விற்ற நிறுவனத்தின் நாடு அல்ல. அதைச் செய்தவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து செய்தார்களோ அந்த ஊர் இருக்கும் நாடுதான் அதன் நாடு. இடைசெவலில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய கதை சென்னைப் பதிப்பகம் ஒன்றில் அச்சானால், அதைச் சென்னைக் கதை என்று எந்த நூலகரும் எழுதமாட்டார். வீடியோ கேம் என்று வந்தால் மட்டும் நாம் பதிப்பகத்தின் முகவரியை எழுத்தாளரின் முகவரியாக எடுத்துக்கொள்கிறோம்.

செகா நிறுவனம் 1992இல் 'எக்கோ தி டால்பின்' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டது. தன் கூட்டத்தைப் பறிகொடுத்த டால்பின் ஒன்று கடலெங்கும் அதைத் தேடி அலையும் கதை. அந்தக் காலத்து ஆட்டங்களில் அவ்வளவு தனிமையும் அவ்வளவு அழகும் சேர்ந்து வந்தவை மிகக் குறைவு. செகா ஜப்பானிய நிறுவனம், ஆகவே இது ஜப்பானிய ஆட்டம் என்று எழுதிவிடலாமா? ஆட்டத்தைக் கற்பனை செய்தவர் எட் அனுன்சியாட்டா. அவர் செகாவின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். நிரல் எழுதியவர்களோ ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் இருந்தார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் நோவோட்ரேட். ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த 1980களிலேயே மேற்கத்திய வெளியீட்டாளர்களுக்கு ஆட்டங்கள் எழுதித் தந்த நிறுவனம் அது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த டால்பினோடு நீந்தினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு புடாபெஸ்ட் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும்?

என்னைக் கேட்டால் எக்கோவுக்கு ஹங்கேரி என்று முதலில் எழுதுவேன், அமெரிக்கா என்று அடுத்து எழுதுவேன். ஜப்பானை வெளியீட்டாளர் கட்டத்தில் மட்டும் எழுதுவேன். ஆகவே ஓர் ஆட்டத்தை எடுத்தவுடன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: யோசித்தவர் யார், எழுதியவர் யார், விற்றவர் யார். மூன்றுக்கும் ஒரே ஊர் விடையாக வந்தால் மகிழ்ச்சி. பல நேரங்களில் அப்படி வருவதில்லை.

இதே புடாபெஸ்ட் வழியாகத்தான் உலகின் மிகப் புகழ்பெற்ற ஆட்டமும் வெளியே வந்தது. 1980களின் நடுவில், மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், எலெக்ட்ரானிகா 60 என்ற கணினியில் 'டெட்ரிஸ்' எழுதினார். அந்தக் கணினியில் படம் வரைய வசதி கிடையாது. விழும் கட்டைகளை அவர் எழுத்துக்குறிகளைக் கொண்டே வரைந்தார். பிறகு வதிம் கெராசிமோவ் என்ற பள்ளி மாணவர் அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றினார். பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்கு நகலாகி அது ஹங்கேரிக்குப் போனது. லண்டனில் தொழில் செய்த, ஹங்கேரியில் பிறந்த ராபர்ட் ஸ்டைன் அதை அங்கே பார்த்தார். கமடோர் 64க்கும் ஆப்பிள் 2க்கும் அதை மாற்றி எழுதியவர்கள் ஹங்கேரி நிரலாளர்கள். பிரிட்டனில் மிரர்சாஃப்ட் விற்றது, அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் விற்றது. 1989இல், நெதர்லாந்தில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய ஹெங்க் ரோஜர்ஸ் மாஸ்கோவுக்கே போய், ஏலோர்க் என்ற சோவியத் அரசு நிறுவனத்திடம் கையடக்கக் கருவிகளுக்கான உரிமையைப் பேசி வாங்கினார். அப்படித்தான் டெட்ரிஸ் நிண்டெண்டோவின் கேம் பாய்க்குள் போனது.

உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த டெட்ரிஸ் அந்தக் கேம் பாய் டெட்ரிஸ்தான். அதன் நிரல் ஜப்பானில் நிண்டெண்டோவில் எழுதப்பட்டது. அதில் ஒலிக்கும் மெட்டு ரஷ்ய நாட்டுப்பாடல் ஒன்றினுடையது. அந்தக் கேசட் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன எழுதுவீர்கள்? நூலக அறிவியல் படித்த நீங்கள் இதற்குத் திணற வேண்டியதில்லை. படைப்பு வேறு, பதிப்பு வேறு என்பது உங்களுக்கு முதலாண்டுப் பாடம். படைப்பு சோவியத் யூனியனுடையது. அந்தப் பதிப்பு ஜப்பானுடையது. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் யாரோ ஒருவரின் உழைப்பு அழிந்துபோகும். பஜித்னோவுக்கு ஏற்கனவே நடந்த அநியாயம் போதும். உரிமையை அரசு வைத்துக்கொண்டதால், 1996இல் டெட்ரிஸ் நிறுவனம் தொடங்கப்படும்வரை அவருக்குத் தன் ஆட்டத்திலிருந்து உரிமைத்தொகை வரவில்லை.

சோவியத் யூனியன் என்றுதான் எழுத வேண்டும், ரஷ்யா என்று அல்ல. ஆட்டம் பிறந்த நாளில் இருந்த அரசின் பெயரை எழுதிவிட்டு, இன்றைய நாட்டின் பெயரைப் பக்கத்தில் குறிக்கலாம். கிழக்கு ஜெர்மனியில் 1980களின் நடுவில் 'பாலி-பிளே' என்ற ஆர்கேட் இயந்திரத்தைச் செய்தார்கள். அதைச் செய்த ஊருக்கு அன்று கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்று பெயர், இன்று கெம்னிட்ஸ். வெறுமனே ஜெர்மனி என்று எழுதினால், ஒரு சோஷலிச அரசு தன் பிள்ளைகளுக்காகத் தானே ஆட்ட இயந்திரம் செய்து வைத்தது என்ற வரலாறே குறிப்பட்டையிலிருந்து காணாமல் போய்விடும்.

இனி, எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு ஆட்டங்கள். 1991இல் வந்த முதல் 'சோனிக்' டோக்கியோவில் செய்யப்பட்டது, அதில் குழப்பமில்லை. அதற்குப் பிறகு அதன் நிரலாளர் யூஜி நாகா செகாவை விட்டு விலகினார். மார்க் செர்னி என்ற அமெரிக்கர் கலிபோர்னியாவில் செகாவுக்காக ஒரு புதிய குழுவை நடத்திக்கொண்டிருந்தார். நாகாவைப் பேசி அங்கே அழைத்துக்கொண்டார். 1992இல் வந்த 'சோனிக் 2' அந்தக் கலிபோர்னியக் குழுவில், ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து செய்தது. இன்னொரு பக்கம், 1993இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஸ்டார் ஃபாக்ஸ்'. முப்பரிமாண விண்கலங்கள் பறக்கும் அந்த ஆட்டத்துக்காக லண்டனின் ஆர்கோனாட் நிறுவனம் ஒரு தனிச் சில்லையே வடிவமைத்துத் தந்தது. டிலன் கத்பர்ட், ஜைல்ஸ் கொடார்ட் ஆகிய இளைஞர்கள் இங்கிலாந்திலிருந்து கியோட்டோவுக்குப் போய், நிண்டெண்டோ வடிவமைப்பாளர் மியாமோட்டோவின் குழுவோடு உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். கத்பர்ட் பின்னாளில் கியோட்டோவிலேயே தம் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்.

இந்த இரண்டுக்கும் என்ன நாடு? செய்தவரின் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்க ஆரம்பித்தால் கேள்வி இனத்தைப் பற்றியதாக மாறிவிடும், வேலையைப் பற்றியதாக இருக்காது. நான் மேசையைப் பார்க்கச் சொல்கிறேன். சோனிக் 2 அமெரிக்காவில் செய்யப்பட்டது, ஜப்பானியக் குழுவினரோடு. ஸ்டார் ஃபாக்ஸ் ஜப்பானில் செய்யப்பட்டது, பிரிட்டிஷ் நிரலாளர்களோடும் பிரிட்டிஷ் சில்லோடும். அட்டையில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நிறுவனங்களின் நாடுகூட நாம் நினைக்கிற மாதிரி உறுதியானது அல்ல. செகாவின் வேர் அமெரிக்கர்கள் நடத்திய வணிகத்தில் இருக்கிறது. டோக்கியோவில் தொழில் செய்த டேவிட் ரோசன் என்ற அமெரிக்கரின் நிறுவனமும் இன்னொன்றும் 1965இல் இணைந்துதான் செகா என்டர்பிரைசஸ் உருவானது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' தந்த டைட்டோவைத் தொடங்கியவர் ஒடெசாவில் பிறந்த மைக்கேல் கோகன். அட்டாரி என்ற பெயரைக் கேட்டு ஜப்பானிய நிறுவனம் என்று நினைத்தவர்கள் ஏராளம். 'கோ' என்ற பலகை ஆட்டத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட கலிபோர்னிய நிறுவனம் அது. 'பேக்-மேன்' ஜப்பானில் நாம்கோவின் தோரு இவாதானி படைத்தது. 'மிஸ் பேக்-மேன்' அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சின்ன நிறுவனத்து இளைஞர்கள், பேக்-மேன் இயந்திரத்துக்கு ஒரு மாற்றுப் பலகை செய்யப்போய் உருவானது. கதாபாத்திரங்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஆட்டங்களும் ஒரே நாடு என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆட்டத்தின் கதை நடக்கும் இடத்தை நம்பி ஏமாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வையும் அதற்கு முந்தைய 'கராத்தேகா'வையும் எழுதியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர். நியூயார்க்கின் இருட்டுத் தெருக்களில் நடக்கும் 'மேக்ஸ் பெய்ன்' பின்லாந்தில் செய்தது.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் முடிந்தபின் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள், ஆனால் அப்படியே நம்பாதீர்கள். 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் பல, போட்டியாளர்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று, உண்மைப் பெயர்களுக்குப் பதிலாகப் புனைபெயர்களைப் போடச் செய்தன. கேப்காமின் கெய்ஜி இனாஃபுனே 'இனாஃப்கிங்' என்ற பெயரில் வருவார். அமெரிக்காவில் அட்டாரி பெயரே போடவில்லை. அந்தக் கோபத்தில் வாரன் ராபினெட் என்ற நிரலாளர் 1980இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதில் தன் பெயரை ஒளித்து வைத்தார். அதே மனக்குறையோடு அட்டாரியை விட்டு வெளியேறிய நான்கு நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷன் தொடங்கக் காரணமானார்கள். அங்கே ஆட்டத்தைச் செய்தவரின் பெயரைத் தெரியும்படி அச்சிட்டார்கள். பெயர் போடுவது என்பது அன்று போராடிப் பெற்ற உரிமை. நாட்டுப் பெயரைத் தேடுகிற நாம் அதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் எழுத்து. 1981இல் வந்த 'டாங்கி காங்' மியாமோட்டோவின் வடிவமைப்பு என்பது எல்லோரும் அறிந்தது. அதன் நிரலை எழுதியது இகேகாமி சுஷின்கி என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம். இது எப்படித் தெரியும் என்றால், அந்த நிரலைப் பிரித்துப் படிக்கிறவருக்கு வாழ்த்துச் சொல்லி, இகேகாமியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்கும் ஒரு செய்தியை அவர்கள் உள்ளே பதித்து வைத்திருந்தார்கள். விளையாடுகிறவர் கண்ணில் அது ஒருபோதும் படாது. பின்னர் நிண்டெண்டோவும் இகேகாமியும் நீதிமன்றம் போய், 1990இல் சமரசம் செய்துகொண்டன. இந்தக் கதையில் நாடு மாறவில்லை, ஜப்பான்தான். ஆனால் பெட்டியிலும் திரையிலும் இல்லாத உண்மை நிரலுக்குள் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது, தொலைக்காட்சியின் துடிப்பு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பழைய தொலைக்காட்சிகள் விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தன. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் நம் நாட்டிலும் 50 முறை. ஆட்டத்தின் வேகத்தை நிரலாளர் இந்தத் துடிப்போடு கட்டி வைப்பது அக்கால வழக்கம். ஆகவே 60க்கு எழுதிய ஆட்டம் 50இல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஐரோப்பியப் பிள்ளைகள் விளையாடிய முதல் சோனிக் அப்படித்தான் தளர்ந்து ஓடியது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கமடோர் 64க்கு எழுதிய ஆட்டங்களோ அமெரிக்கக் கணினியில் போட்டால் வேகமெடுத்துத் தடுமாறும். எந்தத் துடிப்பில் இசை சரியான சுருதியிலும் காலத்திலும் வருகிறது, எந்தத் துடிப்பில் திரை முழுதாக நிரம்புகிறது என்று பார்த்தால், அது எந்தப் பக்கத்து மேசையில் பிறந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். இது துப்புதான், தீர்ப்பு அல்ல. அன்றைய பத்திரிகைகள், நிறுவனப் பதிவுகள், செய்தவர்களின் பேட்டிகள் ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஒரே ஆட்டம் இரண்டு பெயரில் வருவதையும் கவனியுங்கள். பிரான்சில் எரிக் ஷாஹி எழுதிய 'அனதர் வேர்ல்ட்' அமெரிக்காவில் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' ஆனது. பிரையன் லாரா பெயரில் 1990களில் வந்த கிரிக்கெட் ஆட்டம் ஆஸ்திரேலியாவில் ஷேன் வார்னே பெயரில் விற்றது. லாரா டிரினிடாட்காரர், வார்னே மெல்போர்ன்காரர், ஆட்டம் இங்கிலாந்தில் செய்தது.

பெட்டியைப் பார்த்து நாட்டை எழுதும் இந்தத் தவறான கணக்கில் யார் இழக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் சின்ன ஊர்கள். 1982இல் வந்த 'தி ஹாபிட்' பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்புகழ் பெற்ற எழுத்துச் சாகச ஆட்டம். அதைப் பிரிட்டிஷ் ஆட்டம் என்று நினைத்தவர்கள் பலர். அது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்தில், அப்போது மாணவியாக இருந்த வெரோனிகா மெக்லரும் பிலிப் மிட்செலும் எழுதியது. 1991இன் 'லெம்மிங்ஸ்' லிவர்பூலின் சிக்னோசிஸ் வெளியிட்டது, ஆனால் செய்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டிஎம்ஏ டிசைன். டண்டீயில் ஏன் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. சின்க்ளேர் கணினிகளைத் தயாரித்த டைமெக்ஸ் தொழிற்சாலை அந்த ஊரில் இருந்தது. டிஎம்ஏவைத் தொடங்கிய டேவிட் ஜோன்ஸ் அங்கே வேலை பார்த்தவர். அதே நிறுவனம்தான் 1997இல் முதல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வைச் செய்தது. பிறகு எடின்பரோவுக்கு இடம் மாறி ராக்ஸ்டார் நார்த் என்று பெயரும் மாறியது. ஊரை எழுதினால்தான் இந்தக் காரண காரியம் தெரியும். பிரிட்டன் என்று மட்டும் எழுதினால் டண்டீ மறையும், ராக்ஸ்டாரின் தலைமையகம் நியூயார்க் என்று பார்த்து அமெரிக்கா என்று எழுதினால் எல்லாமே மறையும்.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். நம் வீடுகளில் 1990களில் விளையாடிய கேசட்டுகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோ கருவியின் நகல்களில் ஓடிய நகல்கள். தைவானிலும் சீனாவிலும் தயாரான அவற்றில் பலவற்றின் முதல் திரையில் உரிமையாளர் பெயரை அழித்திருந்தார்கள். கோனாமியின் 'கான்ட்ரா'வை விளையாடி வளர்ந்தவருக்குக் கோனாமி என்ற பெயரே தெரியாமல் போனது அதனால்தான். பிறகு பிரவுசிங் சென்டர் காலம் வந்தது. மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து 'ஐ.ஜி.ஐ.' விளையாடாத கல்லூரி மாணவர் அன்று அரிது. 2000ஆம் ஆண்டில் வந்த அந்த ஆட்டம் நார்வேயின் ஆஸ்லோவில் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் செய்தது. பெட்டியில் பெரிதாக இருந்ததோ ஐடோஸ் என்ற பிரிட்டிஷ் பெயர். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் வந்த 'வைஸ் சிட்டி'யின் மயாமித் தெருக்களை எழுப்பியவர்கள் எடின்பரோக்காரர்கள். நம் இளைஞர்கள் இன்றும் விடாமல் விளையாடும் 'கிரிக்கெட் 07' செய்ததில் பெரும்பங்கு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் எச்பி ஸ்டுடியோஸுக்கு உரியது. கிரிக்கெட்டை அதிகம் அறியாத ஒரு மீன்பிடிக் கடற்கரையிலிருந்து நம் வீட்டுக்கு அந்த ஆட்டம் வந்திருக்கிறது.

இந்தியர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், 2004இல் தொடங்கிய லக்ஷ்யா டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் படவேலை செய்து கொடுத்திருக்கின்றன. அந்த ஆட்டங்கள் ஒருநாள் பழைய ஆட்டங்களாகிக் காப்பகத்துக்கு வரும். அப்போது நாடு என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர் போதும் என்று முடிவெடுத்தால், விடுபடப்போவது நம் வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பும்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் மேசைக்கு ஒரு பழைய கேசட்டோ வட்டோ வந்தால், நாடு என்ற கட்டத்தைப் பெட்டியைப் பார்த்து நிரப்பாதீர்கள். நாட்டோடு ஊரையும் எழுதுங்கள். எந்தச் சான்றை வைத்து எழுதினீர்கள் என்பதையும் எழுதுங்கள். சான்று இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 1980களில் இந்த ஆட்டங்களை எழுதிய இளைஞர்கள் பலர் இன்று அறுபதை எட்டியவர்கள், தாண்டியவர்கள். மாஸ்கோவிலோ புடாபெஸ்டிலோ மெல்போர்னிலோ எந்த அறையில், யாரோடு உட்கார்ந்து எழுதினோம் என்று சொல்ல அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே கேளுங்கள்.